ஆயுத பூஜைக்கு அமர்த்திய கம்ப்யூட்டர்

சர்வீஸ் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளே, தங்கைகளே,

விருதுநகரில் என் கடையை மூடிவிட்டேன். பெயர்ப்பலகையைக் கழற்றி மாடியில் போட்டாயிற்று. ஆனால் போனை மட்டும் மூட முடியவில்லை. மாதத்தில் ஒரு புதன்கிழமை வருகிறது பாருங்கள், அன்றைக்கு நான் பல் தேய்ப்பதற்குள் காரியாபட்டியிலிருந்து ஓர் உரக்கடைக்காரர் கூப்பிடுவார். "சார், பிரிண்டரக் காணோம்." பிரிண்டர் அவர் மேசைமேல்தான் இருக்கும். கம்ப்யூட்டருக்குத்தான் அதைத் தெரியாது. முந்தின நாள் சாயங்காலம் வரை அதோடு சேர்ந்து பில் அடித்துக்கொண்டிருந்த கம்ப்யூட்டர், ராத்திரி எங்கிருந்தோ வந்த அப்டேட்டை விழுங்கிவிட்டு, காலையில் 'இது யார்?' என்று கேட்கும். கடன் வாங்கிய சொந்தக்காரன் கல்யாண வீட்டில் நம்மைப் பார்க்கிற மாதிரி.

அப்டேட்டுகளைப் பற்றி நாலு வார்த்தை எழுதித் தாருங்கள் என்று கேட்டீர்கள். எந்த அப்டேட்டை எப்படிக் கழற்றுவது என்று நான் எழுதப்போவதில்லை. அது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். தெரியாவிட்டாலும் நான் எழுதி முடிப்பதற்குள் அதுவும் மாறியிருக்கும். நான் சொல்ல நினைப்பது வேறு. அப்டேட் வந்து கம்ப்யூட்டரைக் கெடுப்பது ஒரு தடவைதான். அதற்குப் பிறகு மனிதர்கள் கூடிநின்று கெடுப்பதுதான் அதிகம். இத்தனை வருஷம் என் ரத்தக் கொதிப்புக்குக் காரணம் அவர்கள்தான்.

அப்டேட்டே வேண்டாம் என்று நான் சொல்லுகிறேன் என எடுத்துக்கொள்ளாதீர்கள். எல்லாவற்றையும் அடைத்து வைத்திருந்த ஓர் அலுவலகத்தில் வைரஸ் புகுந்து அத்தனை ஃபைலையும் பூட்டிப் போட்டதையும் பார்த்தவன் நான். பாம்பென்று அடிக்கவும் முடியாது, பழுதென்று தாண்டவும் முடியாது, அதுதான் இந்தச் சனியன். ஆகவே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். உங்களுக்கு எது வேண்டுமோ அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

திருத்தங்கலில் ஓர் அச்சகம். முதலாளியைத் தங்கபாண்டி அண்ணாச்சி என்று வைத்துக்கொள்வோம். பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபில், வருஷக் கடைசியில் காலண்டர். முன்கூடத்தில் ஆஃப்செட் மெஷின்கள் ஓடும். பின்னால் ஏசி போட்ட சிறிய அறை. அதில் ஒரு கம்ப்யூட்டர், பக்கத்தில் பிளேட் மெஷின். கம்ப்யூட்டரில் செய்த லேபில் அந்த மெஷினுக்குப் போய் அலுமினியத் தகட்டில் பதியும். அந்தத் தகட்டை மாட்டினால்தான் முன்கூடத்தில் ஒரு தாளாவது அச்சாகும். ஆகவே, ஏசி அறைக்குள் இருக்கும் இரண்டும் ஒன்றோடொன்று பேசாவிட்டால் மொத்த அச்சகமும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

சீசன் தொடங்கிவிட்டால் அந்தக் கம்ப்யூட்டரை யாரும் அமர்த்துவதே, அதாவது அணைப்பதே, கிடையாது. இரவும் பகலும் ஓடும். அப்டேட் வந்து வந்து வாசலில் நின்று பார்த்துவிட்டு, இவர்கள் அமர்த்தட்டும், அப்போது உள்ளே போகலாம் என்று காத்திருக்கும். இவர்கள் அமர்த்துவது வருஷத்தில் ஒரே ஒரு நாள். ஆயுத பூஜை.

நம் பக்கத்து அச்சகங்களில் அன்றைக்கு என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். மெஷினையெல்லாம் துடைத்து, விபூதிப் பட்டை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டி, பொரிகடலை படைத்து, பூசணிக்காய் உடைப்பார்கள். அதற்குமேல் மறுநாள் விஜயதசமி நல்ல நேரம் வரும்வரை ஆயுதத்தை யாரும் தொடக்கூடாது, அதற்கு ஓய்வு. ஆஃப்செட் மெஷினுக்கு இது சரி. வருஷமெல்லாம் உழைத்த இரும்பு, ஒருநாள் ஆறட்டும். ஆனால் அண்ணாச்சிக்கு எல்லா ஆயுதமும் ஒன்றுதான். "ஓடிக்கிட்டு இருக்க மெஷினுக்கு யாராவது பூஜை போடுவாகளா?" என்பார்.

அந்த ஏசி அறையில் வேலை பார்த்த பெண் மாரீஸ்வரி. ஏழாயிரம்பண்ணைக்கு அப்பால் ஒரு கிராமம். தாய் பட்டாசு யூனிட்டில் வேலை. இந்தப் பெண் ப்ளஸ் டூ முடித்து, டி.டி.பி. படித்து, இந்த அச்சகத்தில் தகடு துடைக்கிற வேலைக்குத்தான் சேர்ந்தாள். இரண்டு சீசன் போனபிறகு நாற்காலி கிடைத்தது. அந்த அறையில் அவளுக்கு முன்னால் உட்கார்ந்தவர்கள் எல்லாரும் ஆண்கள்.

பூஜையன்று அவள் கம்ப்யூட்டரை அமர்த்தப் போயிருக்கிறாள். திரையில் இரண்டு வரி. இரண்டிலும் 'ஷட் டவுன்' என்று இருக்கிறது. மேலே உள்ளதில் கூடவே 'அப்டேட்' என்றும் இருக்கிறது. அந்த மெனுவை எழுதின புண்ணியவானுக்குத் திருத்தங்கல் எங்கே இருக்கிறது என்று தெரியாது, ஆயுத பூஜை என்றால் என்னவென்றும் தெரியாது. அவள் கதவோரம் வந்து, "அண்ணாச்சி, ஏதோ அப்டேட்டுன்னு காட்டுது, என்ன செய்ய?" என்று கேட்டிருக்கிறாள். அண்ணாச்சி சூடத்தட்டுக்கு முன்னால் கண்ணை மூடிக்கொண்டு நின்றிருக்கிறார். கண்ணைத் திறக்காமலே, "ஏத்தா, சாமி கும்பிடுற நேரத்துல என்னத்த அப்டேட்டு? எல்லாத்தையும் அமத்து!" என்று சொல்லிவிட்டார். அவள் மேலே இருந்ததை அமுக்கினாள். திரையில் வட்டம் சுற்ற ஆரம்பித்தது, 'அணைத்துவிடாதீர்கள்' என்று எழுத்து வந்தது. அந்த எழுத்துக்குமேலேயே சந்தனம் வைத்துக் குங்குமமும் வைத்தார்கள்.

மறுநாள் விஜயதசமி. நல்ல நேரத்தில் முதல் வேலையாக ஏழாயிரம்பண்ணை யூனிட் ஒன்றுக்குக் கம்பி மத்தாப்பு லேபில் போட வேண்டும். எலுமிச்சம்பழம் வைத்து, தேங்காய் உடைத்து, முதல் பிளேட்டை அனுப்பினால் போகவில்லை. கம்ப்யூட்டர் பளபளவென்று புது முகத்தோடு திறந்திருக்கிறது. பிளேட் மெஷின் என்று ஒன்று பக்கத்தில் இருப்பதாக அதற்கு ஞாபகமே இல்லை. தீபாவளி கிட்டத்தில் நிற்கிறது. எனக்குப் போன் வந்தது.

"வர்றேன். அதுவரைக்கும் யாரும் எதையும் தொடாதீக," என்றேன்.

இதை இப்போதே உங்கள் மனத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 'யாரும் தொடாதீர்கள்' என்று போனில் சொன்னால் யாரும் தொடாமல் இருந்ததாகச் சரித்திரமே கிடையாது. நீங்கள் போய்ச் சேர்வதற்குள் நம்மாலேயே சரி செய்துவிட முடிந்தால் சர்வீஸ் செலவு மிச்சம் என்று ஒவ்வொருவராக வந்து ஒரு தட்டு தட்டிப் பார்ப்பார்கள். நான் விருதுநகரிலிருந்து பைக்கில் போய் இறங்கினபோது அண்ணாச்சியின் மச்சினர் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். செல்போன் கடை வைத்திருப்பவர். ஆகவே குடும்பத்தில் கம்ப்யூட்டர் என்றாலும் அவர்தான்.

"சி டிரைவ் ஃபுல்லாக் கெடந்துச்சு சார், அதான் மக்கர் பண்ணுது," என்றார் சிரித்த முகமாக. "பழைய குப்ப எம்புட்டு இருந்துச்சு தெரியுமா? எல்லாத்தையும் வழிச்சு எறிஞ்சுட்டேன்."

அந்தக் குப்பைதான் பழைய சிஸ்டம். பெரிய அப்டேட் வந்தால், பிடிக்காவிட்டால் திரும்பிப் போகலாம் என்று கம்ப்யூட்டர் பழையதைச் சில நாள் எடுத்து வைத்திருக்கும். ஒரு பொத்தானை அமுக்கி, ஒரு டீ குடித்துவிட்டு வந்தால் எல்லாம் முந்தின நாள் போல் ஆகியிருக்கும். நான் அதற்காகத்தான் நிம்மதியாகப் பைக்கை ஓட்டிக்கொண்டு வந்தேன். மச்சினர் திரும்பிப் போகிற வழியைப் பெருக்கித் தள்ளிவிட்டுச் சிரித்துக்கொண்டிருக்கிறார். அவரை நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அன்றைக்கு அச்சகத்தில் வேறு மாதிரி ரகளை ஆகியிருக்கும்.

வாசலில் அண்ணாச்சி கத்திக்கொண்டிருந்தார். நெற்றியில் விபூதிகூடக் கலையவில்லை. செருப்புகள் கிடக்கிற ஓரத்தில் மாரீஸ்வரி, சாப்பாட்டுப் பையைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தாள்.

"சிஸ்டம் சார், இந்தப் பிள்ள நேத்து என்னத்தையோ அமுக்கிருச்சு. பொம்பளப் பிள்ளைய அந்த ரூமுக்குள்ள விட்டதே தப்பு. விஜயதசமியும் அதுவுமா மொத பிளேட்டே போகல. ராசி கெட்டுப்போச்சு. ஏத்தா, நாளையிலருந்து நீ வர வேண்டாம்!"

முதற்கோணல் முற்றும் கோணல் என்கிற பயம் நம் முதலாளிகளுக்கு உண்டு. விஜயதசமி அன்று முதல் வேலை நின்றால் வருஷமே நின்றுவிடும் என்று நினைப்பார்கள். அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தப் பயம் எப்போதும் கடைசியாகக் கை வைத்தவர் தலையில்தான் இறங்கும். இந்தத் தொழிலில் எனக்கு இன்றைக்கும் ஆறாத எரிச்சல் இதுதான். எங்கேயோ இருக்கிற ஒரு கம்பெனி எதையோ மாற்றும். அது இங்கே ஒரு மேசையில் உடையும். அந்த மேசையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை திட்டு வாங்கும். பழி ஓரிடம் பாவம் ஓரிடம்.

நான் அறைக்குள் போய், "இந்த சிஸ்டத்துல எது எங்கன இருக்குன்னு தெரிஞ்ச ஆளு எனக்கு வேணும்," என்று சொல்லி அவளையும் உள்ளே கூப்பிட்டுக்கொண்டேன். மச்சினரை நாற்காலியிலிருந்து எழுப்பினேன். முதல் வேலையாக ஒரு வெளி டிஸ்க்கைச் செருகி, அந்த வருஷத்து லேபில், காலண்டர் வேலை எல்லாவற்றையும் நகல் எடுக்க விட்டேன்.

அது ஓடிக்கொண்டிருக்கிறது, நான் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்கிறேன். அண்ணாச்சி எட்டிப் பார்த்தார்.

"என்ன சார், சும்மா உக்காந்திருக்கீக? ஃபார்மட் பண்ணி விடுங்களேன்."

"காலண்டர் வேலையெல்லாம் இதுலதான் அண்ணாச்சி இருக்கு. ஃபார்மட் பண்ணுனா அதுவும் போயிரும்."

"அப்ப ஏதாவது பண்ணுங்க!"

பிள்ளைகளே, நம்முடைய கை சும்மா இருப்பதைப் பார்த்தால் யாருக்கும் பொறுக்காது. விசைப்பலகையில் டக்டக்கென்று ஏதாவது தட்டிக்கொண்டிருந்தால்தான் வேலை நடக்கிறது என்று அவர்களுக்குத் தோன்றும். அவர்களுடைய நிம்மதிக்காகத் தட்ட ஆரம்பித்தீர்களானால், இருக்கிற ஒரு கோளாறை மூன்றாக்கிவிட்டுத்தான் எழுந்திருப்பீர்கள். நகல் முடிகிறவரை நான் நகரவில்லை. அண்ணாச்சி என் காதுபடவே, "ஆளுக்கு வயசாயிருச்சு," என்று மச்சினரிடம் சொன்னார். சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன்.

நகல் ஓடிக்கொண்டிருந்தபோது மாரீஸ்வரி பேசினாள். அழவில்லை.

"சார், நான் கேட்டேன் சார். அமத்தச் சொன்னாக, அமத்தினேன்."

"தெரியும்மா."

"இன்னைக்கு வீட்டுக்குப் போனேன்னா நாளைக்குக் காலைல எங்கம்மாகூட வேனுல ஏறணும். அந்த வேனுல நான் ஏறக்கூடாதுன்னுதான் எங்கம்மா என்னையப் படிக்க வச்சதே."

எந்த வேன் என்று இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பட்டாசு யூனிட்டுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போகிற வேன். காலையில் அதில் ஏறினவர்கள் சாயங்காலம் இறங்குகிறவரை வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு காது ரோட்டில்தான் இருக்கும். எனக்கு அதுவரை இருந்தது எரிச்சல். அதைக் கேட்டபிறகு வந்தது கோபம். ஒரு கம்ப்யூட்டர் தனக்குப் பக்கத்தில் இருக்கும் மெஷினை மறந்துவிட்டது என்பதற்காக ஒரு பெண் அந்த வேனில் ஏறவேண்டுமாம்.

பிளேட் மெஷின் கம்பெனிக்குப் போன் போட்டேன். அங்கே ஒரு பையன் மிகவும் பணிவாக, "சார், புது அப்டேட்டுக்கு எங்க சாஃப்ட்வேர் இன்னும் ரெடி ஆகலை. எஞ்சினியர் வர நாலு நாள் ஆகும்," என்றான். நாலு நாள்! அண்ணாச்சி சிவகாசிக்கு ஆள் விட்டுப் பார்த்தார். வெளியாருக்குப் பிளேட் போட்டுத் தரும் கடைகளில் பாதி விஜயதசமிக்குப் பூட்டியிருந்தன. திறந்திருந்த கடைகளில் நாளைக்குத்தான் முடியும் என்றார்கள். இதற்கு நடுவில் ஏழாயிரம்பண்ணையிலிருந்து யூனிட் மேனேஜர் போன்மேல் போன்.

"அண்ணாச்சி, லேபில் எங்கன? மத்தாப்புப் பொட்டியெல்லாம் மொட்டையாக் கெடக்கு. லோடு ஏத்த லாரி வந்து நிக்கி. சாயங்காலத்துக்குள்ள வரலன்னா நாங்க வேற ஆளப் பாத்துக்கிடுதோம்."

போனை வைத்துவிட்டு அண்ணாச்சி மறுபடி மாரீஸ்வரி பக்கம்தான் திரும்பினார். நான் குறுக்கே புகுந்தேன்.

"அண்ணாச்சி, நேத்து அமத்தச் சொன்னது நீங்க."

"நான் அமத்தத்தான சொன்னேன்? அப்டேட்டு பண்ணுன்னா சொன்னேன்?"

"ரெண்டும் ஒரே பட்டன்ல இருக்கு அண்ணாச்சி."

"அப்படிப் பட்டன் வச்சவன் எவன்?"

அன்று காலையிலிருந்து அந்த அச்சகத்தில் யாராவது கேட்ட ஒரே நியாயமான கேள்வி அதுதான். ஆனால் அப்படி வைத்தவனை நாம் எங்கே போய்ப் பிடிப்பது?

எனக்கு வழி ஒன்று தெரிந்துதான் இருந்தது. கதவைத் திறந்தாலே தெரியும். ரோட்டுக்கு அந்தப் பக்கம் டேனியல் அண்ணாச்சியின் அச்சகம். அங்கேயும் அதே பிளேட் மெஷின். அவர் வாங்கிவிட்டார் என்பதற்காகவே தங்கபாண்டி அண்ணாச்சி அதே மெஷினை அடுத்த மாதமே வாங்கினார். டேனியல் அண்ணாச்சி கிறிஸ்தவர். வேலைக்காரர்கள் ஆஃப்செட் மெஷினுக்குப் பூஜை போடுவார்கள், அவரும் பொரிகடலை வாங்கித் தந்துவிட்டு ஓரமாக நின்றுகொள்வார். ஏசி அறைக்குப் பொட்டு வைக்க யாரும் போவதில்லை. ஆகவே அந்தக் கம்ப்யூட்டர் நேற்றும் ஓடியிருக்கும், இன்றும் ஓடிக்கொண்டிருக்கும்.

ஆனால் இந்த இரண்டு பேரும் பேசிக்கொள்வதில்லை. பல வருஷமாக இல்லை. காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். தங்கபாண்டி அண்ணாச்சிக்குப் பேப்பர் கொண்டுவந்த லாரி ஒருநாள் டேனியல் அண்ணாச்சி வாசலை மறித்து நின்றுவிட்டது. வார்த்தை தடித்தது. அவ்வளவுதான்.

"எதிர்ல போய்ப் பிளேட் போட்டுட்டு வந்துருவோம்," என்றேன்.

"அவன் வாசல்ல போயி நிக்கதுக்கு நான் பிரஸ்ஸப் பூட்டிட்டுப் போயிருவேன்."

இதைக் கேட்டதும் அதுவரை அடக்கி வைத்திருந்தது எல்லாம் எனக்கு வெளியே வந்துவிட்டது. "பூட்டுங்க அண்ணாச்சி, தாராளமாப் பூட்டுங்க. சாவிய மட்டும் இந்தப் பிள்ள கையில குடுத்துராதீக. நாளைக்குப் பூட்டு தெறக்கலன்னா அதுக்கும் இதுதான் காரணம்னு சொல்லுவீக!" என்று கத்தினேன். வாடிக்கையாளரிடம் அப்படிப் பேசக்கூடாது. நீங்கள் பேசாதீர்கள். எனக்கு அன்றைக்குப் பேசாமல் இருக்க முடியவில்லை, அதற்காக இன்றுவரை வருத்தப்பட்டதும் இல்லை.

முன்கூடத்தில் மெஷின்காரர்கள் எல்லாம் தலையைக் குனிந்துகொண்டார்கள். அண்ணாச்சியின் போன் மறுபடி அடித்தது. ஏழாயிரம்பண்ணை. அவர் எடுக்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு, "நீங்க போறதா இருந்தாப் போங்க. நான் ஒண்ணும் சொல்லல. எனக்குத் தெரியாது," என்றார். எங்கள் ஊர்ப்பக்கத்தில் இதற்குமேல் சம்மதம் கிடைக்காது. நான் டிஸ்க்கை எடுத்துக்கொண்டேன். "வாம்மா," என்றேன். மாரீஸ்வரி சாப்பாட்டுப் பையோடேயே வந்தாள்.

டேனியல் அண்ணாச்சி எங்களை வாசலில் பார்த்ததும், "என்ன சிஸ்டம் சார், பாத மாறி வந்திருக்கீக?" என்றார்.

"எதிர்ல பிளேட் மெஷின் படுத்துருச்சு அண்ணாச்சி. அப்டேட்டு."

"ஏன், நேத்து ரோடு பூராம் பூசணிக்கா ஒடச்சாகளே?" என்று கொஞ்சம் அனுபவித்துக்கொண்டார். அனுபவிக்கட்டும் என்று நானும் நின்றேன். பிறகு அவரே பெருமூச்சு விட்டு, "உள்ள வாங்க. இந்த எளவு இன்னைக்கு அவுகளுக்கு, நாளைக்கு எனக்கு. ஆனா ஒண்ணு, பிளேட்ட வாங்கிக்கிட அவுகதான் வரணும். ஆள் விடக் கூடாது," என்றார்.

உள்ளே போனதும் நான் பார்த்தது, அவருடைய திரையின் மூலையிலும் அதே அப்டேட் காத்துக்கொண்டிருந்தது. எப்போதடா அமர்த்துவார்கள் என்று. அதை முதலில் தள்ளிப் போட்டேன். அப்புறம்தான் டிஸ்க்கைச் செருகினேன். மாரீஸ்வரி நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். வேறு ஒருவர் அச்சகம், வேறு ஒருவர் மெஷின். முதல் பிளேட் அனுப்பும் நேரம் வந்தது. என்னைத் திரும்பிப் பார்த்து, "அமுக்கவா சார்?" என்று கேட்டாள். "அமுக்கும்மா," என்றேன். பிளேட் மெஷின் உறுமிக்கொண்டு தகட்டை உள்ளே இழுத்தது. டேனியல் அண்ணாச்சி கதவில் சாய்ந்தபடி அவள் வேலையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

பிளேட் எல்லாம் தயாரானதும் நான் போய்த் தங்கபாண்டி அண்ணாச்சியைக் கூப்பிட்டேன். வந்தார். நடுரோடு வரைக்கும் வந்தார். அதற்குமேல் கால் வரவில்லை. டேனியல் அண்ணாச்சியே பிளேட்டுகளோடு நடுரோட்டுக்குப் போனார். மினி பஸ் ஒன்று ஹார்ன் அடித்துக்கொண்டு நிற்க, தகடுகள் கை மாறின. தங்கபாண்டி அண்ணாச்சி தரையைப் பார்த்துக்கொண்டு, "அன்னைக்கு அந்த லாரி... டிரைவர் பண்ணுன தப்பு," என்றார்.

மன்னிப்பைக்கூட இன்னொருத்தன் தலையில் போட்டுத்தான் கேட்டார். ஆனாலும் கேட்டார், அதுவரை சரி.

சாயங்காலம் லேபில் ஏழாயிரம்பண்ணைக்குக் கிளம்பியது. அண்ணாச்சிக்கு முகம் தெளிந்துவிட்டது. எனக்குச் சாத்தூர் சேவு ஒரு பொட்டலம் கொடுத்தார். மச்சினர், குப்பையை எடுத்த பிறகுதான் கம்ப்யூட்டர் வேகமாக இருப்பதாகச் சொன்னார். மாரீஸ்வரியிடம் அண்ணாச்சி, "சரி சரி, நாளைக்கு வந்துரு. இனிமேப் பாத்து அமுக்கு," என்றார், பெரிய மனசு பண்ணி மன்னிக்கிற தோரணையில். அவள் தலையை ஆட்டினாள். சாப்பாட்டுப் பை காலையில் கட்டினது கட்டினபடி இருந்தது.

மறுநாள் அவளிடமிருந்து எனக்குப் போன். "சார், டேனியல் அண்ணாச்சி நேத்தே வேலைக்குக் கூப்பிட்டாக. நான் இங்கனயே சேந்துட்டேன். அங்கன வரலன்னு நீங்க ஒரு வார்த்த சொல்லிருதீகளா? எனக்குப் பயமா இருக்கு."

கம்ப்யூட்டருக்கும் மெஷினுக்கும் பேச்சு ஏற்படுத்தித் தருகிறவன் என்றால் மனுஷர்களுக்கும் அவன்தான் போலும். போய்ச் சொன்னேன். அண்ணாச்சி, "நீங்கதான சார் அந்தப் பிள்ளைய அங்கன கூட்டிட்டுப் போனீக?" என்றார். அதுவும் சரிதான். கடைசியாகத் தொட்டவன் நான். நாலு நாளில் கம்பெனி எஞ்சினியர் வந்து மெஷினைச் சரி செய்தார், ஆனால் அண்ணாச்சி அதற்குப்பிறகு என்னை வெகுநாள் கூப்பிடவில்லை.

இனி உங்களுக்கு. அப்டேட் வருகிற புதன்கிழமையை மட்டும் குறித்து வைத்துக்கொண்டால் நம் ஊரில் பிழைக்க முடியாது. பஞ்சாங்கத்தையும் பாருங்கள். ஆயுத பூஜைக்கு முந்தின வாரம் உங்கள் வாடிக்கையாளர் வீடு வீடாக ஒரு சுற்று போய், காத்திருக்கும் அப்டேட்டைப் பார்த்து, போட வேண்டியதை நீங்கள் இருக்கும்போதே போட்டு, மற்றதைத் தள்ளி வைத்துவிட்டு வாருங்கள். உடைந்தபிறகு போனீர்களானால் முதலில் நகல் எடுங்கள். யார் தொட்டார்கள் என்று கேட்காதீர்கள், என்ன மாறியது என்று கேளுங்கள். சரி செய்கிற வழி திரைக்குள் இல்லாமல் எதிர்வீட்டிலும் இருக்கலாம், வெட்கப்படாமல் போய்க் கதவைத் தட்டுங்கள். இன்னொன்று உண்டு. அதை நான் சொல்வதைவிட, போன வருஷம் வந்த ஒரு போனைச் சொல்லிவிடுகிறேன்.

ஆயுத பூஜை நாள். கடையை மூடிவிட்டு வீட்டில் இருந்தேன். தங்கபாண்டி அண்ணாச்சி.

"சிஸ்டம் சார், நல்லா இருக்கீகளா? ஒண்ணுமில்ல, கம்ப்யூட்டர அமத்தப் போனா ரெண்டு வரி காட்டுது. மேல உள்ளத அமுக்கவா, கீழ உள்ளதயா?"

"ஒண்ணையும் அமுக்க வேண்டாம் அண்ணாச்சி. திரைய மட்டும் அமத்திட்டுப் பொட்டு வைங்க. சாமி கோவிக்காது."

"அதானே பாத்தேன். புதுசா ஒருத்தன் வந்திருக்கான் சார், யாரையும் கேக்காம அமுக்கப் போயிட்டான். தற்செயலா நான் பாத்ததால தப்பிச்சோம்." அவரே தொடர்ந்தார். "அந்தப் பிள்ள மாரீஸ்வரின்னா இப்படி இல்ல. ஒரு வார்த்த கேட்டுட்டுத்தான் எதையும் தொடும்."

"ஆமா அண்ணாச்சி," என்றேன். "அன்னைக்கும் கேட்டுச்சு."